ஒரே குச்சியில் இரண்டு சமையல்

மலேசியாவின் காஜாங்கிலோ கோலாலம்பூர் கம்போங் பாருவிலோ சாத்தே சுடும் அடுப்பைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். மசாலா தடவிக் குச்சியில் கோத்துச் சுடும் இறைச்சித் துண்டுகள்தான் சாத்தே. கம்பிவலை இருக்காது. ஒடுக்கமான, நீளமான தகரத் தொட்டி, அடியில் தணல், இரு விளிம்புகளிலும் தாங்கியபடி வரிசையாகக் குச்சிகள். சுடுபவரின் ஒரு கையில் விசிறி, மறு கையில் நுனியை நசுக்கித் தூரிகையாக்கிய செராய் (எலுமிச்சைப்புல்) தண்டு. விசிறுவார், எண்ணெய் தடவுவார், நாலைந்து குச்சிகளைச் சேர்த்துப் பிடித்துப் புரட்டுவார், மறுபடி விசிறுவார். பார்க்க ஏதோ பழக்கத்தில் ஓடும் கைபோலத் தெரியும். ஆனால் கோழிக்கும் நெருப்புக்கும் இடையே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கை செய்யும் ஒவ்வொரு வேலையும் அதை ஒரு பக்கத்திலிருந்து அவிழ்க்கிறது.

சிக்கல் இதுதான். கோழித் துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும். சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அங்கே நொடிக்கணக்கில் செத்துவிடும். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் சாற்றைக் குறைக்கும். மேற்பரப்போ 140 டிகிரியைத் தாண்டினால்தான் சிவந்து மணக்கும். ஆக, ஒரு விரல் பருமன்கூட இல்லாத இறைச்சித் துண்டில் உள்ளே ஒரு சமையல், வெளியே இன்னொரு சமையல். இரண்டும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும்.

முதலில் வெளியே நடப்பதைப் பார்ப்போம். இறைச்சியிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் கூடி நூற்றுக்கணக்கான புதுச் சேர்மங்களாக மாறுகின்றன. பழுப்பு நிறமும் சுட்ட மணமும் அவற்றிலிருந்து வருபவை. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமிய் மெய்யார் 1912-இல் இதைப் பற்றி எழுதியதால் இதற்கு மெய்யார் வினை என்று பெயர். சாத்தே மசாலாவில் சர்க்கரை தாராளமாக விழுவதற்கும் இதுதான் காரணம். இனிப்பு நாக்குக்கு, சிவப்பு கண்ணுக்கு. அளவு மிஞ்சினால் அதே சர்க்கரை கருகிக் கசந்துவிடும்.

இந்த வினைக்குத் தடையாக நிற்பது தண்ணீர். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வருகிற வெப்பமெல்லாம் ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். அந்தச் செலவும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கிலோ தண்ணீரை நம் ஊர்ச் சூடான 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும். அதை முழுதும் ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும். ஏழரை மடங்குக்கும் அதிகம்! தயிர் மசாலாவைச் சொட்டச் சொட்ட அடுப்பில் வைப்பவர்களின் கோழி வெளுத்து வெந்து நிற்பது இதனால்தான். கூடுதல் மசாலாவை வழித்துவிட்டு வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இனி உள்ளே. இறைச்சிப் புரதங்களில் மயோசின் 50 டிகிரியை ஒட்டிக் குலைந்து கெட்டிப்படுகிறது. பச்சையாக வழவழவென்று இருந்த துண்டு வெந்த துண்டாவது அங்கே. 60-க்கு மேல் கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதம் சுருங்கிச் சாற்றைப் பிழியத் தொடங்கும். 66-இலிருந்து 73 வரைக்குள் ஆக்டின் என்ற புரதமும் குலைய, இறைச்சி இறுகும். நெஞ்சுக்கறியில் கொழுப்பும் குறைவு, கொலாஜனும் குறைவு. 74-ஐத் தாண்டினால் காப்பாற்ற எதுவுமில்லை. தொடைக்கறியில் இரண்டும் அதிகம். அதன் கொலாஜன் சூட்டில் ஜெலட்டினாகக் கரைந்து வழுவழுப்புத் தருவதால் 80 டிகிரிவரை போனாலும் மன்னித்துவிடும். குச்சிக்குத் தொடைதான் சரி என்பது என் கட்சி. நாட்டுக்கோழி ருசி என்று சொல்லி ஆயாம் கம்போங்கைக் குச்சியில் கோப்பவர்களும் உண்டு. ஐந்தாறு வாரத்தில் கடைக்கு வந்துவிடும் பண்ணைக்கோழியைவிட அது வயதானது. அதன் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை. கரைய மணிக்கணக்கு ஆகும். அதைக் குழம்புக்கு விட்டுவிடுங்கள்.

இந்த இரண்டு சமையலும் ஒன்றாக முடிய வேண்டுமானால், மேற்பரப்புக்கு மட்டும் மிக வேகமாகச் சூட்டைக் கொட்டும் ஒரு நெருப்பு வேண்டும். தணல் அதைத்தான் செய்கிறது. சிவந்து கனலும் கரியின் சூடு 700 டிகிரிக்கு மேல். அதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வந்து சேர்கிறது. அந்த வெப்பநிலையில் கதிர்வீச்சு உச்சமாக இருப்பது ஏறத்தாழ மூன்று மைக்ரோமீட்டர் அலைநீளத்தில். தண்ணீர் மூலக்கூறு மிக வலுவாக உறிஞ்சும் அலைநீளங்களில் ஒன்றும் அதுவே. இறைச்சியில் முக்கால் பங்கு தண்ணீர் அல்லவா? கதிர் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிக்குள்ளேயே தடுக்கப்பட்டுச் சூடாக மாறிவிடுகிறது. உள்ளே ஊடுருவிப் போவதில்லை. அங்கிருந்து நடுப்பகுதிக்குச் சூடு மெதுவாகக் கடத்தப்பட்டுத்தான் போகவேண்டும்.

விசிறிக்கு வருவோம். கரி எரிவது அதன் மேற்பரப்பில்தான். ஆக்சிஜன் எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறதோ அவ்வளவு வேகமாக எரியும். விசிறும்போது காற்று பாய்கிறது, தணலை மூடியிருக்கும் சாம்பலும் பறக்கிறது. கதிர்வீச்சின் கணக்கு வேறு மாதிரியானது: கனலும் பொருளின் தனிவெப்பநிலை, அதாவது கெல்வின் அளவில் அதன் சூடு, எவ்வளவு கூடுகிறதோ அதன் நான்காம் படிக்கு வெப்பம் கூடும். தணல் 700 டிகிரியிலிருந்து 900-க்கு ஏறினால், கெல்வினில் அது 973-இலிருந்து 1,173. இருபது விழுக்காடுதான் உயர்வு. வீசும் வெப்பமோ இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். குச்சியை ஏற்றவோ இறக்கவோ வழியில்லாத அந்தத் தொட்டியில் அடுப்பின் குமிழே விசிறிதான். வேண்டும்போது நாலு வீச்சு, போதுமென்றால் குச்சியைத் தணல் குறைந்த ஓரத்துக்குத் தள்ளுவது. அவ்வளவே.

கரியிலும் விஷயம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் பேர்பெற்றது பாக்காவ் என்ற சதுப்புநில மரத்தின் கரி. பேராவில் தைப்பிங்கை அடுத்த கோலா செப்பெத்தாங்கில், மாத்தாங் சதுப்புநிலக் காட்டு மரங்களைச் செங்கல் சூளைகளில் வாரக்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குகிறார்கள். முப்பதாண்டுச் சுழற்சியில் வெட்டி மறுபடி வளர்க்கும் காடு அது. (போர்ட் வெல்ட் என்பது அந்த ஊரின் பழைய பெயர். 1885-இல் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது.) அடர்த்தியான மரமாதலால் அதன் கரி நெடுநேரம் நின்று கனலும். நம் வீடுகளில் சிரட்டைக் கரியும் நல்ல மாற்றுதான்.

இணையத்தில் கோழியும் காய்கறியும் கோத்துச் சுடுவதைக் கோடைகாலத்து எளிய இரவுச் சாப்பாடு என்று போடுகிறார்கள். கோலாலம்பூரில் கோடையும் கிடையாது, குளிரும் கிடையாது. ஆண்டு முழுக்க ஈரம் உண்டு. கரி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வாய் திறந்த பொட்டலத்தில் சில வாரம் கிடந்த கரி பற்றவும் மறுக்கும், வெடித்துப் பொறியும் தெறிக்கும். காற்றுப் புகாத வாளியில் மூடி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், கரி மேலே வெண்சாம்பல் படரும்வரை பொறுத்திருங்கள். கறுப்பாக இருக்கும்போதே கோழியை வைத்தால் சூடு ஒரு பக்கம் பாயும், ஒரு பக்கம் பாயாது.

கரி நெருப்புக்கு ஒரு மணம் உண்டு என்கிறோமே, அந்த மணம் கரியில் இல்லை. விறகின் புகை மணம் லிக்னின் என்ற பொருள் சிதைவதால் வருவது. சூளையிலேயே அது பெரும்பாலும் போய்விட்டது. நல்ல தணலில் புகையே இராது. சாத்தேயின் மணம் பிறப்பது, கோழிக் கொழுப்பும் தடவிய எண்ணெயும் சாறும் சொட்டுச் சொட்டாகத் தணலில் விழுந்து, சிதைந்து, ஆவியாக எழும்பி இறைச்சியில் படியும்போது. இப்போது அந்தச் செராய்த் தூரிகையை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் ஆவியாகிப் போகாது. ஈரம் காய்ந்த மேற்பரப்பில் வெப்பத்தைச் சமமாகப் பரப்பும். செராயின் மணத்துக்குக் காரணமான சிட்ரால் எண்ணெயில் நன்றாகக் கரையும். மீதிச் சொட்டுகள் தணலுக்குப் போய் மணமாகத் திரும்பி வரும். ஒரே தூரிகையில் மூன்று வேலை.

சொட்டு பெருகித் தீ பிடித்தால் கதை மாறிவிடும். கொழுப்பு கொழுந்துவிட்டு எரியும் புகையில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் தரக்கூடிய சேர்மங்கள் உண்டாகி இறைச்சியில் ஒட்டும். இறைச்சி நேரம் கடந்து கடும் சூட்டில் இருந்தால், அதிலுள்ள கிரியேட்டின் என்ற சேர்மமும் அமினோ அமிலங்களும் சேர்ந்து வேறொரு வகைத் தீய சேர்மங்களையும் தரும். காய்கறியில் கிரியேட்டின் இல்லை, அதனால் இந்த இரண்டாவது வகை அதில் உருவாகாது. மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. தீ எழும்பினால் குச்சியை நகர்த்துங்கள், கருகியதை வெட்டி எறியுங்கள், அடிக்கடி புரட்டுங்கள். அடிக்கடி புரட்டினால் மேற்பரப்பு எல்லை மீறிச் சூடாகாது. இரு பக்கத்திலிருந்தும் சூடு மாறி மாறிப் போவதால் உள்ளும் விரைவாக வேகும். ஒருமுறைதான் புரட்ட வேண்டும் என்ற அறிவுரையை நான் பொருட்படுத்துவதில்லை.

துண்டின் அளவுக்குப் போவோம். இறைச்சிக்குள் சூடு பரவும் நேரம் அதன் பருமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு தடிமன் என்றால் நாலு மடங்கு நேரம். அதற்குள் வெளிப்புறம் கரியாகிவிடும். சாத்தேக்காரர் சின்னச் சின்னதாக நறுக்குவதால் உள்ளும் புறமும் கிட்டத்தட்ட ஒன்றாக முடிகின்றன. மசாலாவுக்கும் அதில் லாபம் உண்டு. ஒரு கிலோ கோழியைப் பத்து சென்டிமீட்டர் கனசதுரமாக நினைத்தால் மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதையே இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் 3,000. மசாலாவின் மணப்பொருள்கள் பெரும்பாலும் கொழுப்பில் கரைபவை. தண்ணீர் நிறைந்த இறைச்சிக்குள் அவை அதிகம் போகா. ராத்திரி முழுக்க ஊறினாலும் மேலாகத்தான் நிற்கும். உள்ளே போவது உப்பு. அது புரதங்களைத் தளர்த்திச் சாற்றைப் பிடித்துவைக்கும். ஆகவே கிலோவுக்குப் பத்து கிராம் உப்பை முன்கூட்டியே தடவிவிட்டு, மற்றவற்றைப் பிறகு சேர்த்தாலும் குறையொன்றும் இல்லை.

இனி காய்கறி. படங்களில் கோழி, குடைமிளகாய், வெங்காயம், காளான், தக்காளி என்று வண்ண வண்ணமாக ஒரே குச்சியில் அடுக்கியிருப்பார்கள். அழகுதான். ஆனால் காய்கறியின் செல்களை ஒட்டி நிறுத்துவது பெக்டின் என்ற பொருள், செங்கல்லுக்கு நடுவே சிமெண்டுக் கலவைபோல. அது இளகத் தொடங்க ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். 60 டிகிரியிலேயே செல்சுவ்வுகள் கிழிந்து காய் வதங்கித் தண்ணீர் விடும்; ஆனாலும் கடித்தால் நறுக்கென்றே இருக்கும். கோழிக்கு 74, வெங்காயத்துக்கு 85. கோழி வெந்தபோது எடுத்தால் வெங்காயம் பச்சை, வெங்காயம் இளகும்வரை விட்டால் கோழி வறட்டி. போதாக்குறைக்குத் தக்காளியும் காளானும் விடும் தண்ணீர் பக்கத்திலுள்ள கோழியை நனைத்துக்கொண்டே இருக்கும். நனைந்த இடம் சிவக்காது என்று ஏற்கெனவே பார்த்தோம்.

ஆகவே தனித்தனிக் குச்சி. வெங்காயமும் குடைமிளகாயும் ஒன்றில், காளான் இன்னொன்றில், தக்காளி கடைசியில் ஒரு நிமிடத்துக்கு. காளானின் செல்சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது. அது சூட்டில் இளகுவதில்லை. எவ்வளவு நேரம் விட்டாலும் குழையாது, தண்ணீர் வற்றி மணம்தான் கூடும். கத்தரிக்காய் காற்றறைகள் நிறைந்தது, எண்ணெயைக் குடிக்கும். வெண்டைக்காயை முழுதாகவே கோத்துச் சுட்டுப் பாருங்கள். வெட்டாத காயில் வழவழப்பு உள்ளேயே அடங்கிவிடும்.

அன்னாசிக்குத் தனி எச்சரிக்கை. சமைக்காத அன்னாசியில் புரோமலின் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை அறுக்கும், ஆட்டுக்கறிக்குப் பப்பாளிக்காய் அரைத்துப் போடும்போது நடப்பதும் இதே வேலைதான். கோழிக்கு நெருக்கமாக அன்னாசியைக் கோத்து மத்தியானமே குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், சாயங்காலம் ஒட்டிய இடமெல்லாம் மாவாகிவிடும். சுடும் நேரத்தில் கோத்தால் சிக்கலில்லை. சூடு ஏறியதும் நொதி செத்துவிடும். டின் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது என்பதால் அதற்கு இந்தக் குணமே இல்லை.

மூங்கில் குச்சியை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. அது குடிக்கும் கொஞ்சத் தண்ணீர் தணலுக்கு முன் சீக்கிரமே பறந்துவிடும். இறைச்சிக்குள் இருக்கும் பாகம் எப்படியும் எரியாது. சுற்றிலும் ஈரம் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாதே! வெளியே நீட்டியிருக்கும் பாகந்தான் பற்றும். நுனிவரை நெருக்கிக் கோத்து, பிடியைத் தொட்டிக்கு வெளியே விட்டால் போதும். ஒடுக்கமான தொட்டியின் மீதி ரகசியம் இது.

கொண்டோவில் இருப்பவர்களுக்கு ஒன்று. மழை வந்துவிட்டதென்று கரியடுப்பைச் சன்னல் சாத்திய பால்கனிக்குள்ளோ சமையலறைக்குள்ளோ தூக்கிவராதீர்கள். தணல் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். புகை தெரியவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க முடியாது. புகையே இல்லாத நல்ல தணலிலும் அது வரும். ஓவனின் மேல்கம்பியைச் சிவக்கவிட்டு, அதற்குக் கீழே சில சென்டிமீட்டர் தள்ளிக் குச்சிகளை வைத்தால் கதிர்வீச்சு கிடைத்துவிடும், மேற்பரப்பும் சிவந்துவிடும். சொட்டு விழ அங்கே தணல் இல்லாததால் சாத்தேயின் மணம் மட்டும் வராது. அதற்குக் கச்சாங் (வேர்க்கடலை) குழம்பைக் கொஞ்சம் காரமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.