பேக்ஹோ இழுக்கும்போது டிராக்டர் ஏன் இடுப்பில் உடைகிறது?

ஒரு சிறிய டிராக்டரின் அடியில் குனிந்து பார்த்தால், லாரியில் இருப்பதுபோல நீளவாக்கில் ஓடும் சேசிஸ் தென்படாது. முன்னால் இஞ்சின், அதன் பின்னே கிளட்ச் கூடு, பிறகு கியர்பாக்ஸ், கடைசியில் பின் அச்சுக் கூடு. இவற்றை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கியதுதான் டிராக்டரின் முதுகெலும்பு. 1917-இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் இந்த அமைப்பைப் பரவலாக்கியது. இன்றும் பெரும்பாலான டிராக்டர்கள் இப்படித்தான். சிலவற்றில் இஞ்சினின் இரு பக்கமும் குட்டையான சட்டம் இருக்கும். அது கிளட்ச் கூட்டோடு நின்றுவிடும்.

உழவுக்கு இது தாராளமாகப் போதும். கலப்பையின் இழுப்பும் சக்கரத்தின் தள்ளலும் பின் அச்சுக்குப் பக்கத்திலேயே ஒன்றையொன்று சந்தித்து முடிந்துவிடும். பின்னால் பேக்ஹோவை, அதாவது மண் தோண்டும் நீண்ட கையை, மாட்டினால் கணக்கு வேறு. இரண்டு மீட்டருக்கு அப்பால் நீட்டிய கை, மண்ணில் மாட்டிய கல்லை நெம்புகிறது. அந்த நெம்பல் டிராக்டரை நடுவில் வளைக்கப் பார்க்கும். வளைய வேண்டிய இடத்தில் இருப்பது வார்ப்பிரும்பு. அமுக்கினால் தாங்கும், இழுத்தால் அதில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்குதான் தாங்கும். இரும்புக் கம்பிபோல வளைந்து எச்சரிக்கவும் செய்யாது, சாக்பீஸ் ஒடிவதுபோல ஒடியும். பொதுவாக உடைவது கிளட்ச் கூடும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், அல்லது அங்குள்ள போல்ட் காதுகளில் (போல்ட் மாட்டத் துருத்தி நிற்கும் பகுதிகளில்).

பேக்ஹோவின் இரு பக்கமும் தரையில் ஊன்றும் ஸ்டெபிலைசர் கால்கள் இருக்கின்றனவே, அவை தாங்காதா என்று கேட்கலாம். எடையைத் தாங்கும், பக்கவாட்டில் சாயாமலும் பிடிக்கும். ஆனால் இரண்டு கால்களும் டிராக்டருக்குக் குறுக்கே ஒரே கோட்டில் ஊன்றியிருப்பதால், முன்-பின்னாகக் கவிழ்க்கும் திருப்பத்தை அவற்றால் தடுக்க முடியாது. அதைத் தடுப்பது டிராக்டரின் சொந்த எடைதான். அந்த எடை பேக்ஹோவைச் சென்றடைய வேண்டுமானால் ஏதாவது ஒரு பாகத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். அது வார்ப்பிரும்பு உடம்பா, தனியாகப் போட்ட எஃகுச் சட்டமா, அதாவது துணைச் சட்டகமா, என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிராக்டர் 1,000 கிலோ, அதன் எடை மையம் ஸ்டெபிலைசர் கால்களுக்கு 1.2 மீட்டர் முன்னால் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் டிராக்டர் தரக்கூடிய எதிர்த் திருப்பம் (எடையைத் தூரத்தால் பெருக்கியது) 1,200 கிலோகிராம்-மீட்டர். அதற்கு மேல் தூக்கினால் முன்சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பிவிடும். முன்னால் லோடரும் (மண் அள்ளும் முன் பக்கெட்) மாட்டியிருந்தால் இந்த வரம்பு இன்னும் ஏறும். ஆக, டிராக்டர் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு அது பிடித்து நிற்கும். எவ்வளவு பிடித்து நிற்கிறதோ அவ்வளவுக்கு இணைப்பில் சுமை கூடும். கனமான டிராக்டர் என்பதால் சட்டம் இலேசாக இருந்தால் போதும் என்று நினைப்பது தலைகீழான நினைப்பு.

இந்த வரம்புக்குள்ளேயே, கால்களுக்கு 2 மீட்டர் பின்னால் 500 கிலோ விசையில் பக்கெட் தூக்குகிறது என்று கொள்வோம். திருப்பம் 1,000 கிலோகிராம்-மீட்டர். பேக்ஹோவை மூன்று புள்ளி இணைப்பில் (டிராக்டரின் பின்னால் கருவி மாட்டும் இரண்டு கீழ்க் கைகளும் மேலே டாப் லிங்க் என்ற ஒரு கம்பியும்) மாட்டியிருந்தால், சிறிய டிராக்டர்களுக்கான முதல் வகை இணைப்பில் டாப் லிங்குக்கும் கீழ்க் கைகளுக்கும் இடையே உயரம் சுமார் 46 சென்டிமீட்டர்தான். 1,000-ஐ 0.46-ஆல் வகுத்தால் டாப் லிங்க் மாட்டிய அந்த ஒற்றைக் காதில் 2,170 கிலோவுக்கு மேல் இழுப்பு. அதே திருப்பத்தை 1.5 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களில் பிடிக்கும் நீளச் சட்டத்துக்குக் கொடுத்தால், ஒவ்வோர் இடத்திலும் சுமார் 670 கிலோ. இரண்டு பக்கமும் பிரிந்தால் பக்கத்துக்கு 335.

துணைச் சட்டகத்தின் சூட்சுமம் இந்த இடைவெளிதான். பின்பிடி, பின் அச்சுக்கு மிக அருகில். முன்பிடி, முடிந்தவரை முன் அச்சுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் லோடர் மாட்டும் இடத்தில். அப்படி அமைந்தால் விசை சட்டத்தின் வழியே ஓடி நேரே சக்கரங்களுக்கு இறங்கிவிடும், நடு உடம்பு சும்மா இருக்கும். முன்பிடியைக் கிளட்ச் கூட்டிலேயே முடித்துவிட்டால் பாதிப் பயன்தான். எந்த இடத்தைக் காப்பாற்றப் போனோமோ அங்கேயே போய் நெம்புகிறோம். முன் அச்சு நடுவில் ஊசலாடும் என்பதையும் அங்கே மறக்கக் கூடாது. சட்டம் அதன் அசைவை முட்டினால் மேடு பள்ளத்தில் எல்லாம் வீண்.

மூன்று புள்ளி இணைப்பின் இன்னொரு குறை உயிரோடு விளையாடுவது. பெரும்பாலான டிராக்டர்களில் அந்தக் கைகளை ஹைட்ராலிக் தூக்கும், கீழே அழுத்திப் பிடிக்காது. பக்கெட் தரையை ஓங்கி அமுக்கும்போது பேக்ஹோ முழுவதும் இருக்கையோடு மேலெழும்பி முன்னால் மடங்கலாம். உட்கார்ந்திருப்பவர் அதற்கும் டிராக்டருக்கும் நடுவே மாட்டிக்கொள்வார். ஆகவே சட்டத்தின் பிடிகள் மேலும் கீழும் இரு திசையிலும் பூட்டியிருக்க வேண்டும். தொங்கவிட்ட கொக்கி மட்டும் போதாது, கொக்கிக்குக் குறுக்கே பூட்டும் பின் (pin) வேண்டும்.

அடுத்து, எவ்வளவு கனமான எஃகு? எல்லோரும் முதலில் கேட்பது தடிமன். நான் முதலில் பார்ப்பது உயரம். 12 மில்லிமீட்டர் தடிமனும் 100 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட இரண்டு பட்டைகள் மேலே சொன்ன திருப்பத்தைப் பகிர்ந்துகொண்டால், விளிம்பில் தகைவு (ஒரு சதுர மில்லிமீட்டரில் விழும் விசை) சுமார் 245 மெகாபாஸ்கல். சாதாரண மைல்ட் ஸ்டீல் நிரந்தரமாக வளையத் தொடங்குவது 250-இல். அதே தடிமனில் உயரத்தை 150 ஆக்கினால் தகைவு 109-க்கு இறங்கிவிடும். ஒன்றரை மடங்கு எஃகுக்கு, பாதிக்கும் குறைவான தகைவு. இந்த மிச்சம் ஆடம்பரமில்லை. திடீரென்று விழும் சுமை, மெதுவாக வைத்த அதே சுமையைவிட இரு மடங்கு தகைவு வரை உண்டாக்கும். பேக்ஹோவில் வேர் அறுபடுவதும் கல் சட்டென்று விடுபடுவதும் நாள் முழுக்க நடப்பவை.

உயர்ரக எஃகு வாங்கிச் சின்னதாகச் செய்யலாமே என்றால், ஓரளவுக்குத்தான். வளையாமல் தாங்கும் தகைவு கூடும். ஆனால் விறைப்பு எல்லா எஃகுக்கும் ஏறக்குறைய ஒன்றே. மெல்லிய சட்டம் நெளியும், நெளிந்த அளவுக்குச் சுமை மறுபடி வார்ப்பிரும்பின் மேல் போய் விழும். வெல்டிங் செய்த இடத்தின் களைப்பு ஆயுளும் (திரும்பத் திரும்ப வரும் சுமையை விரிசல் விடாமல் தாங்கும் காலம்) எஃகின் ரகத்தால் பெரிதாகக் கூடுவதில்லை.

பக்கெட் நிறைய மண்ணோடு பேக்ஹோவின் கை பக்கவாட்டில் சுழன்று நிற்கும்போது வேறொரு சுமை வரும்: முறுக்கம். இங்கே பட்டை மோசம், மூடிய குழாய் பிரமாதம். 100-க்கு 50, 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள செவ்வகக் குழாயில் மேலே சொன்ன 150 மில்லிமீட்டர் பட்டையைவிடச் சற்றுக் குறைவான எஃகுதான் இருக்கிறது. வளைவில் கிட்டத்தட்ட அதே பலம் (122 மெகாபாஸ்கல்). முறுக்கத்தில் ஏறக்குறைய 17 மடங்கு விறைப்பு. இரண்டு நீளச் சட்டங்களும் சாய்சதுரமாக இழுபடாமல் இருக்க நடுவில் குறுக்குச் சட்டமும் வேண்டும். ஆனால் ஆயில் வடிக்கும் பிளக், ஃபில்டர், பிரேக் கம்பி, முன்சக்கரத்துக்கு ஓடும் ஷாஃப்ட் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆயில் மாற்றச் சட்டத்தையே கழற்ற வேண்டிவந்தால் அப்புறம் யாரும் ஆயில் மாற்ற மாட்டார்கள்.

வளைவு மிக அதிகம் பின்பிடியில். அங்கிருந்து முன்னால் போகப் போகக் குறைந்து முன்பிடியில் பூஜ்யமாகும். அதனால் சட்டம் முன்பக்கம் ஒடுங்கலாம். பின்பிடியின் அருகே மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்கே வெல்டிங் போடக் கூடாது, துளையும் கூடாது. விரிசல் அங்கேதான் பிறக்கும். துளை வேண்டுமென்றால் உயரத்தின் நடுவில். வளைவின் இழுப்பு அங்கே இல்லை.

போல்ட் விஷயத்தில் ஒரு விதி: கூட்டில் புதிதாகத் துளை போடாதீர்கள், தயாரித்தவர் விட்டிருக்கும் மரையுள்ள துளைகளையே பயன்படுத்துங்கள். 8.8 என்ற வலிமைத் தரத்தில் உள்ள 16 மில்லிமீட்டர் போல்ட்டைச் சரியாக முறுக்கினால் சுமார் 7 டன் இறுக்கம் கிடைக்கும். விசையைக் கடத்துவது அந்த இறுக்கத்தால் வரும் உராய்வு. தளர்ந்த போல்ட்தான் துளையில் அடிபட்டு வெட்டுப்படும். ஆனால் அதே 7 டன் எதிரியாகவும் மாறும். சட்டத்துக்கும் கூட்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் சந்து இருக்கும்போது போல்ட்டை முறுக்கி அந்தச் சந்தை மூடினால், வேலை தொடங்கும் முன்பே கூட்டின் காது வளைந்து நிற்கிறது. சந்தில் தகடு வைத்து நிரப்ப வேண்டும், இழுத்து மூடக் கூடாது.

அந்தச் சந்து வருவதே பெரும்பாலும் வெல்டிங்கால்தான். ஆறும்போது சட்டத்தை இழுத்துக் கோணலாக்கும். டிராக்டரில் பொருத்திப் பார்த்துப் புள்ளி வெல்டிங் (தற்காலிகமாகப் பிடிக்க வைக்கும் சிறு வெல்டிங்) வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த்தைச் சட்டத்திலேயே மாட்ட வேண்டும், இல்லையேல் மின்சாரம் பேரிங்குகள் வழியே ஓடும். முழு வெல்டிங், சட்டத்தைக் கழற்றி வைத்த பிறகு. பிறகு மறுபடி மாட்டி, அந்தச் சந்தை அளந்து தகடு வைக்க வேண்டும். முதல் சில மணி நேரம் தோண்டியதும் எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை முறுக்க வேண்டும். பெயின்ட்டும் வெல்டிங் துகளும் நசுங்கி இறுக்கம் குறைவது அந்த முதல் சில மணி நேரத்தில்தான்.