சார்ட்பஸ்டர்: கடுதாசிக்கு உறவான ஒரு சொல்

எழும்பூர் ரயில் நிலையத்தில் ஒருவர் "சார்ட் வந்துவிட்டதா?" என்று கேட்டால், காத்திருப்புப் பட்டியலில் கிடக்கும் தன் டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்று தவிக்கிறார். பள்ளி திறந்த வாரத்தில் புரசைவாக்கத்து எழுதுபொருள் கடையில் ஒரு சிறுமி "நீல நிறத்தில் ஒரு சார்ட்" என்று கேட்டால், அது வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதற்கான தடித்த தாள். அதே கடையின் மூலையில் பாடிக்கொண்டிருக்கும் பண்பலை வானொலியில், ஏழாவது வாரமாக முதலிடத்தில் நிற்கும் சார்ட்பஸ்டர் என்று அறிவிப்பாளர் ஒரு பாடலை அழைக்கிறார். ஒரே சொல்தான். ஆனால் முதல் இரண்டும் தாளாகக் கையில் பிடித்துப் பழகியவை. மூன்றாவது, எந்தப் பாட்டு முன்னால் நிற்கிறது என்று சொல்லும் பட்டியல்; அதை யாரும் பார்த்ததில்லை. ‘பஸ்டர்’ என்றால் தகர்ப்பது. பார்க்காத ஒன்றை ஒரு பாடல் எப்படித் தகர்த்தது என்று கேட்டுப் பார்த்தால்தான் இந்தச் சொல்லின் கதை திறக்கிறது.

கிரேக்க மொழியில் பாப்பிரஸ் தாளுக்குப் பெயர் ‘கார்ட்டேஸ்’. லத்தீன் அதைக் ‘கார்ட்டா’ ஆக்கியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ட்’ ஆனது. ஆங்கிலத்தில் முதலில் அது மாலுமியின் கடல் வரைபடத்தைக் குறித்தது. பிறகு கோடும் கட்டமும் போட்டு விவரங்களை அடுக்கிய எந்தத் தாளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதே வேரிலிருந்து இன்னொரு கிளை போர்த்துகீசியர் கப்பலில் ஏறி நம் கரைக்கு வந்து இறங்கியது. அதுதான் ‘கடுதாசி’. தாளுக்கும் கடிதத்துக்கும் நம் பாட்டிமார் சொன்ன அதே கடுதாசி. ஆக, சார்ட்டும் கடுதாசியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று முன்பே வந்து தமிழாகிவிட்டது. மற்றொன்று நேற்று வந்து இன்னும் வாசலில் நிற்கிறது. இந்த உறவைப் பிறகு மறுபடியும் தொட வேண்டியிருக்கும்.

பாடல்களுக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்தது அமெரிக்காவில். பில்போர்டு இதழ் 1940 ஜூலையில் கடைகளில் அதிகம் விற்ற பத்து இசைத்தட்டுகளை எண்ணிட்டு அச்சிட்டது. 1958 ஆகஸ்ட் 4 அன்று அதே இதழ் விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணக்கிடும் நூறு பாடல் வரிசையைத் தொடங்கியது. இங்கிலாந்தின் கதை எனக்கு இன்னும் பிடித்தமானது. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் இதழில் பணியாற்றிய பெர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தத் தட்டு அதிகம் போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். 1952 நவம்பர் 14 அன்று பன்னிரண்டு இடங்கள் கொண்ட முதல் பட்டியல் வெளியானது. முதலிடம் அமெரிக்கப் பாடகர் ஆல் மார்ட்டினோவுக்கு. ஒரு நாடு முழுவதன் இசை ருசிக்கும் இருபது கடைக்காரர்களின் பதில்தான் அளவுகோல்! அந்தச் சிறிய தொடக்கத்திலிருந்துதான் ‘முதலிடத்தில் இத்தனை வாரம்’ என்ற சாதனைக் கணக்குகள் எல்லாம் வளர்ந்தன. 2019-இல் ‘ஓல்டு டவுன் ரோடு’ பாடல் பில்போர்டில் 19 வாரம் முதலிடத்தில் நின்று, அதற்கு முன்பிருந்த 16 வார சாதனையை முறியடித்தது. அதற்குள் தட்டு விற்கும் கடைகள் அநேகமாக மறைந்து, கைபேசியில் எத்தனை முறை கேட்டார்கள் என்பதே பெரிய கணக்காகிவிட்டிருந்தது.

இனி ‘பஸ்டர்’. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை வீசிய மிகப்பெரிய குண்டுகளுக்கு, ஒரு ‘பிளாக்’கை, அதாவது தெருவின் கட்டடத் தொகுதி ஒன்றையே தரைமட்டமாக்கக்கூடியவை என்பதால், பத்திரிகைகள் ‘பிளாக்பஸ்டர்’ என்று பெயரிட்டன. போர் முடிவதற்குள்ளேயே சினிமா விளம்பரக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அந்த அச்சில் வார்த்ததுதான் சார்ட்பஸ்டர். நம் நாட்டு இசை விளம்பரங்களில் அது வெகுவாகப் புழங்குகிறது. ஒரு தாலாட்டுப் பாட்டு முதலிடம் பிடித்தாலும் அதற்கும் இந்த வெடிகுண்டுப் பெயரைத்தான் வைக்கிறோம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ‘ஹிட்’ என்பதும் அடிதான் என்றாலும், ‘போய்த் தொட்டது, குறியை அடைந்தது’ என்பது அதன் பழைய பொருள். அதில் வன்முறை குறைவு. ‘வெற்றிப் பாடல்’ என்று நாம் அதைச் சொல்லி வருவது சரியாகவே பொருந்துகிறது. சார்ட்பஸ்டருக்கு ‘பட்டியல் தகர்ப்பான்’ என்று எவரும் இதுவரை எழுதாதது தமிழின் நல்ல காலம்.

‘ரெக்கார்டு’ என்ற சொல்லையும் இங்கே பார்த்துவிட வேண்டும். லத்தீனில் அதன் நடுவே இருப்பது இதயத்தைக் குறிக்கும் சொல். ‘மீண்டும் நெஞ்சுக்குக் கொண்டுவருதல்’ என்பது முதற்பொருள். ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வேலை வாங்குகிறது. தமிழ் அவற்றைத் தனித்தனியே பிரித்துவிட்டது. ஒலியைப் பிடித்து வைப்பது பதிவு. அதைத் தாங்கும் வட்டம் இசைத்தட்டு. முன்பு எவரும் எட்டாத எண்ணை எட்டினால் சாதனை. இந்த மூன்றிலும் தமிழ் முந்தி நிற்கிறது என்றே சொல்வேன்.

சிக்கல் ‘சார்ட்’ என்ற பகுதியில்தான். செய்தித்தாள்கள் அதற்குத் ‘தரவரிசை’ என்று எழுதுகின்றன. டென்னிஸ் வீரர்களுக்கும் பொறியியல் சேர்க்கைக்கும் பொருந்தும் சொல் அது. கிண்டியில் கலந்தாய்வுக்கு வந்து நின்ற எந்த மாணவரைக் கேட்டாலும் தரவரிசைப் பட்டியல் என்றால் என்னவென்று சொல்வார்: மதிப்பெண்ணை அளந்து, உயர்ந்ததை மேலே வைப்பது. பாடல் பட்டியலில் எங்கே இருக்கிறது அந்த அளவை? ராகத்துக்கு எவ்வளவு, வரிகளுக்கு எவ்வளவு என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை. எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை முறை ஒலிபரப்பினார்கள் என்று எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். தலை எண்ணிக்கைக்குத் தரம் என்று பெயர் சூட்டினால், பத்தாம் இடத்தில் இருக்கும் அருமையான பாடலை மட்டம் என்று சொன்னதாகிவிடும். பட்டியலுக்குள்ளேயே வராத பாடலின் கதி இன்னும் மோசம்.

‘வரிசை’ என்ற சொல்லுக்குள் தரம் ஏற்கெனவே குடியிருந்தது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. புறநானூற்றின் 121-ஆம் பாட்டில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் சொல்கிறார்: கொடுப்பது எளிது, ‘வரிசை அறிதலோ அரிதே’, அதை அறிந்தாயானால் புலவர்கள் எல்லோரையும் ஒன்றுபோல் பார்ப்பதை விட்டுவிடு. கலைஞர்களை எந்த அடுக்கில் வைப்பது என்ற கேள்வி தமிழில் இவ்வளவு பழையது. ஆனால் கபிலர் கேட்டது, பாட்டின் ஆழம் தெரிந்த ஒருவன் உட்கார்ந்து எடை போடும் வரிசை. இன்றைய பாடல் பட்டியல் நேர் எதிர்த்திசையில் நடக்கிறது. இசை தெரிந்தவரின் விருப்பத்துக்கும் தெரியாதவரின் விருப்பத்துக்கும் அதில் ஒரே எடை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது வேறு வேலை, அதற்கு வேறு பெயர் வேண்டும். இப்போது ‘வரிசை’ என்றால் சீர்வரிசைத் தட்டும் ரேஷன் கடை வரிசையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது என்ற பொருள் வலுத்துவிட்டதால், முன்னால் எதைச் சேர்க்கிறோம் என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது.

எதைச் சேர்ப்பது? விடை வானொலியிலேயே இருக்கிறது.

சென்னைக்கும் வானொலிக்கும் உறவு நூறாண்டைத் தாண்டியது. 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் இங்கே ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் சில ஆண்டுகளில் ஓய்ந்தபோது அதன் கருவிகளை மாநகராட்சி ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. 1952-க்குப் பிறகு மத்திய அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அந்த வானொலி திரைப்பாடல்களைப் பெரும்பாலும் ஒதுக்கி வைக்க, கேட்கும் மக்கள் முள்ளைத் திருப்பி இலங்கையைப் பிடித்தார்கள். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் உறவினர்போல் வந்து அமர்ந்தன. இந்தி நேயர்களுக்கு அதே இலங்கை வானொலியிலிருந்து அமீன் சயானி வாரந்தோறும் பாடல்களை இடம் சொல்லி அறிவித்தார். ‘சார்ட்’ என்றோ ‘பொசிஷன்’ என்றோ சொல்லாமல், ஒவ்வோர் இடத்தையும் அவர் ‘பாய்தான்’ என்றார். ஏணியின் படி என்று பொருள். ஒரு பாட்டு இந்த வாரம் எந்தப் படியில் கால் வைத்திருக்கிறது என்று கேட்கும்போதே ஏறுவதும் இறங்குவதும் கண்ணில் தெரியும். சொந்த மொழியில் தேடினால் இப்படித்தான் கிடைக்கும்.

தமிழ் வானொலி தேடிக் கண்டெடுத்தது ‘நேயர் விருப்பம்’. இந்த இரண்டு சொற்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். கேட்பவரைக் ‘கேட்போர்’ என்று சொல்லி விட்டிருக்கலாம். நேயம் என்றால் அன்பு. நேயர் என்றால் அன்பர். முகம் தெரியாத ஒருவரை அன்பர் என்று அழைத்து, உங்கள் விருப்பம் என்ன என்று கேட்கிறது அந்தத் தொடர். பதில் எதில் போனது? கடுதாசியில்! சூளைமேட்டு வீட்டில் என் அம்மா அஞ்சலட்டையில் பாட்டின் முதல் அடியை எழுதி, கீழே வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும், எதிர்வீட்டுக் குழந்தைகளின் பெயரையும் இடம் உள்ளவரை நெருக்கி எழுதுவார். பாட்டைவிடப் பெயர் வாசிப்பதற்கே நாங்கள் காத்திருப்போம். ஒரே பாட்டைக் கேட்டு வந்த அட்டைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால், உயரமான கட்டு எதுவோ அதுவே அந்த வாரத்தின் முதலிடம். சார்ட் என்ற சொல்லின் பிறந்த வீடான தாள், இங்கே அடுக்கடுக்காக அஞ்சல் பையில் வந்து இறங்கியது.

ஆகவே என் முடிவு ‘விருப்ப வரிசை’. தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. யாருடைய விருப்பம் என்ற கேள்விக்கு நேயர் என்ற பதிலை உள்ளே வைத்திருக்கிறது. சொல்லுவதற்கும் சுருக்கம். மேலே நிற்பது ‘முதலிடப் பாடல்’. பல வாரம் அசையாமல் நின்றால் ‘சாதனைப் பாடல்’. பத்திலிருந்து ஒன்றுக்கு வரும் ‘கவுண்ட்டவுன்’ என்பதற்குப் பள்ளிக் கணக்குப் புத்தகமே ‘இறங்குவரிசை’ என்ற சொல்லைத் தந்திருக்கிறது. எண் இறங்க இறங்கப் பாட்டின் மதிப்பு ஏறுவது அந்த நிகழ்ச்சியின் சுவை. அந்தச் சுவையைத் தமிழ்ச் சொல் கெடுக்கவில்லை.

‘பண்பலை’ என்ற சொல்லும் இப்படித்தான் நிலைத்தது. சென்னையில் 1977 ஜூலை 23 அன்றுதான் நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது. பாட்டு வருவதால் ‘பண்’ என்பதிலிருந்து வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் பண் + அலை சேர்ந்து ‘பண்ணலை’ ஆகியிருக்கும். அலையின் பண்பை மாற்றி ஒலியை ஏற்றுவதால் பண்பு + அலை, பண்பலை. நுட்பச் சொல்லாகப் பிறந்து, காதுக்கு இசையாகக் கேட்டதால் மக்கள் சொல்லாகிவிட்டது. 2003-இல் தனியார் நிலையங்கள் இங்கே ஒலிக்கத் தொடங்கியபோது ஆட்டோ ஓட்டுநர்கள் முதல் அறிவிப்பாளர்கள் வரை அதை இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். விருப்ப வரிசைக்கும் அந்த வாய்ப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்க வேண்டும். நிலையம் எந்தப் பாட்டை எத்தனை முறை ஒலிபரப்பியது என்று எண்ணிப் போடும் பட்டியலுக்கு இந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது. ஒரு புதுப் படப் பாடலை மணிக்கொரு முறை போட முடிவு செய்பவர் நிலையத்துக்குள் இருக்கிறார். போட்டதை எண்ணி, அதிகம் ஒலித்தது என்று மறுபடி போடுகிறார்கள். அங்கே நேயர் இன்னும் வாய் திறக்கவில்லை. அதை ‘ஒலிபரப்பு வரிசை’ என்றே அழைக்கலாம். செயலிகளில் எத்தனை கோடி முறை ஓடியது என்ற கணக்குக்குக் ‘கேட்பு வரிசை’ பொருந்தும். ஒருவர் பாட்டை ஓடவிட்டுவிட்டுச் சமையலறைக்குப் போயிருந்தாலும் அந்த எண்ணிக்கை ஏறும். அஞ்சலட்டை எழுதியோ, தொலைபேசியில் அழைத்தோ, குறுஞ்செய்தி அனுப்பியோ, எனக்கு இந்தப் பாட்டு வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தால்தான் அது விருப்ப வரிசை.