வேகம் கூடியதால் நின்றுபோன நிரல்கள்

1990களின் பிற்பகுதியில் ஒரு விசித்திரமான சிக்கல் கிளம்பியது. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்காக எழுதப்பட்டு, பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் பல, புதுக் கணினியில் ஏற்றியதும் ‘ரன்டைம் எரர் 200’ என்று ஒரே ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றன. பூஜ்யத்தால் வகுக்க முயன்றதாக அதற்குப் பொருள். நிரலில் யாரும் கை வைக்கவில்லை. பழைய கணினியில் போட்டால் அதே நிரல் அப்போதும் ஓடியது. புதியதில் மட்டும் முதல் திரை வருவதற்கு முன்பே படுத்துக்கொண்டது.

அவை எல்லாம் டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்கக் கருவியில் எழுதப்பட்டவை. அதில் திரையையும் விசைப்பலகையையும் கையாள ஒரு துணைத் தொகுப்பு உண்டு. ‘இத்தனை மில்லி விநாடி காத்திரு’ என்ற கட்டளையும் அதற்குள்தான் இருந்தது. சரியாகக் காத்திருக்க வேண்டும் என்றால் கணினியின் வேகம் தெரிய வேண்டும் அல்லவா? அதனால் நிரல் தொடங்கியதுமே அந்தத் தொகுப்பு ஒரு சின்னச் சோதனை செய்யும். கணினியின் கடிகாரம் ஒரு முறை துடிக்கும் நேரம் ஏறத்தாழ 55 மில்லி விநாடி. அதற்குள் ஒரு வெற்றுச் சுழற்சியை எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணும். அந்த எண்ணிக்கையை 55ஆல் வகுத்து, வரும் ஈவை 16 பிட் இடத்தில் வைத்துக்கொள்ளும்.

16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 65,535. அப்படியென்றால் சுற்றுகளின் எண்ணிக்கை சுமார் 36 லட்சத்தைத் தாண்டினால் ஈவு அந்த இடத்தில் அடங்காது. அந்த நிரலை எழுதியபோது இருந்த கணினிகளுக்கு அது எட்டாத உயரம். 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வந்த புராசசர்கள் அதை எட்டிவிட்டன. ஈவு அடங்காமல் போனாலும், பூஜ்யத்தால் வகுத்தாலும் இன்டெல் புராசசர் எழுப்புவது ஒரே எச்சரிக்கையைத்தான். அதனால்தான் பிழைச் செய்தி பூஜ்யத்தின் மேல் பழி போட்டது. உண்மையில் அங்கே பூஜ்யம் எதுவும் இல்லை. கணினி வேகமாக இருந்தது, அவ்வளவுதான்.

பழைய மென்பொருள் ஏன் ஓடவில்லை என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். மென்பொருள் துருப்பிடிப்பதில்லை, தேய்வதில்லை. எழுதியவர் தன் காலத்துக் கணினியைப் பார்த்துச் சில விஷயங்களை எழுதாமலே நம்பியிருப்பார். புதிய கணினி அந்த நம்பிக்கைகளில் ஒன்றைப் பொய்யாக்கிவிடுகிறது. எந்த நம்பிக்கை உடைந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

உடையும் நம்பிக்கைகளில் அடியாழத்தில் இருப்பது புராசசரைப் பற்றியது. 1978இல் வந்த இன்டெல் 8086 ஒரு 16 பிட் புராசசர். டாஸ் நிரல்கள் அதற்காக எழுதப்பட்டவை. 1985இல் 80386 வந்தபோது அது 32 பிட்டுக்கு மாறியது. ஆனால் பழையதைக் கைவிடவில்லை. தனக்குள்ளேயே ஒரு பொய் 8086ஐ உருவாக்கி, டாஸ் நிரலை அதற்குள் ஓடவிடும் வசதி அதில் இருந்தது. 32 பிட் விண்டோஸில் டாஸ் நிரல்கள் ஓடியது அந்த வசதியால்தான். அப்புறம் 2003இல் இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி தன் முதல் 64 பிட் புராசசரை வெளியிட்டது. இன்று நாம் பயன்படுத்தும் பெரும்பாலான மேசைக் கணினிகள் அந்த வழியில் வந்தவை. அவை 64 பிட் நிலையில் இயங்கும்போது அந்தப் பொய் 8086 கிடையாது. அதனால் 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரலைச் சொடுக்கினால் ‘இது உங்கள் கணினிக்கு ஏற்றதல்ல’ என்ற செய்திதான் வரும். விண்டோஸ் 11 வெளிவருவதே 64 பிட்டில் மட்டும்தான்.

32 பிட் நிரல்களுக்கு இந்தக் கதி இல்லை. 64 பிட் புராசசர் 32 பிட் கட்டளைகளை நேரடியாகவே இயக்கும். அதற்கான பழைய நூலகக் கோப்புகளை விண்டோஸ் தனியாக ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறது. ஆனால் இங்கே பலரைக் குழப்பும் ஒரு சிக்கல் உண்டு. 1990களின் இறுதியில் வந்த பல மென்பொருள்கள் 32 பிட்டாக இருந்தாலும் அவற்றை நிறுவும் நிரல் மட்டும் 16 பிட்டாகவே இருந்தது. ‘இது 32 பிட் நிரல்தானே, ஏன் நிறுவ முடியவில்லை?’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். வீடு நன்றாக இருக்கிறது, வாசல்தான் அடைத்திருக்கிறது. இப்படிப்பட்ட பிரபலமான நிறுவும் நிரல்கள் சிலவற்றை 64 பிட் விண்டோஸ் அடையாளம் கண்டு, அவற்றுக்குப் பதிலாகத் தன்னிடம் உள்ள 32 பிட் நிறுவியை ஓட்டிவிடும். அடையாளம் தெரியாதவை அங்கேயே நின்றுவிடும்.

சரி, இயங்குதளத்துக்கு வருவோம். இங்கே உடையும் நம்பிக்கைகள் சின்னச் சின்னவை, ஆனால் ஏராளம். விண்டோஸ் 95 வந்தபோது அதன் உள் எண் 4.0. பல பழைய நிரல்கள் ‘3.10 அல்லது அதற்கு மேல்’ இருந்தால்தான் ஓடுவேன் என்று சோதித்தன. 4.0 என்பது 3.10ஐவிடப் பெரியதுதான். ஆனால் சோதனையை எழுதியவர்கள் புள்ளிக்கு முன்னால் இருப்பது 3க்குக் குறையாமலும், புள்ளிக்குப் பின்னால் இருப்பது 10க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று தனித்தனியாகப் பார்த்துவிட்டார்கள். 4.0இல் புள்ளிக்குப் பின்னால் இருப்பது பூஜ்யம். ஆகவே புதிய இயங்குதளத்தைப் பழையது என்று முடிவுகட்டின. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது தெரியுமா? அந்தப் பழைய 16 பிட் நிரல்கள் கேட்டால் மட்டும் ‘நான் 3.95’ என்று விண்டோஸ் 95ஐப் பதில் சொல்ல வைத்தது. அந்தச் சோதனையில் நிரல்கள் தேறின.

இன்று ஒரு நிரலின் மேல் வலது சொடுக்கினால் கிடைக்கும் ‘இணக்கப் பயன்முறை’ இந்த வித்தையின் வளர்ந்த வடிவம். இயங்குதளத்திடம் உதவி கேட்க நிரல் ஒரு முகவரிப் பட்டியலை வைத்திருக்கும். கோப்பைத் திறக்க இங்கே போ, பதிப்பு எண் கேட்க அங்கே போ என்று. இணக்கப் பயன்முறை அந்தப் பட்டியலில் சில முகவரிகளை மாற்றி, நடுவில் ஒரு சிறு நிரலை உட்கார வைக்கிறது. பழைய நிரல் கேட்பதை அது வாங்கி, அந்தக் காலத்து விண்டோஸ் என்ன சொல்லியிருக்குமோ அதைச் சொல்கிறது. முதலில் முயல வேண்டியது இதைத்தான். இரண்டு நிமிட வேலை.

வைன் இதையே முழு அளவில் செய்கிறது. 1993இல் தொடங்கிய இந்தத் திட்டம், விண்டோஸ் நிரல்கள் எழுப்பும் அத்தனை கேள்விகளுக்கும் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தில் இருந்தபடியே பதில் சொல்ல முயல்கிறது. முதல் முழுப் பதிப்பு வர 2008 வரை ஆயிற்று என்றால், அந்தக் கேள்விகள் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடாது. ஆனால் 64 பிட் லினக்ஸில் வைன் அவற்றில் பலவற்றை ஓட்டுகிறது. தன் சொந்த வீட்டில் இடமில்லாத நிரலுக்கு அடுத்த வீட்டில் இடம் கிடைக்கிறது.

இவை எதுவும் கைகொடுக்காதபோது அந்தக் காலத்துக் கணினியையே உண்டாக்க வேண்டியதுதான். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் ஒன்றென நினைப்பவர்கள் நிறைய.

ஒன்று எமுலேட்டர். இது கணினியை மென்பொருளாலேயே கட்டுகிறது. புராசசர் கணக்கிடும்போது எண்களை வைத்துக்கொள்ளும் சிறு இடங்களான பதிவகங்கள் இதில் வெறும் மாறிகள். நினைவகம் ஒரு நீண்ட வரிசை. எமுலேட்டர் அந்த வரிசையிலிருந்து ஒரு கட்டளையை எடுக்கும், அது என்ன சொல்கிறது என்று பார்க்கும், உண்மையான புராசசர் செய்திருக்கக்கூடியதைச் செய்து மாறிகளைத் திருத்தும், பிறகு அடுத்த கட்டளைக்குப் போகும். நிரல் ஒலி அட்டைக்கு எழுதுவதாக நினைத்து ஒரு எண்ணை அனுப்பினால் அதை வாங்கி, இன்றைய ஒலிபெருக்கிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் இத்தனை வேலை என்றால் மெதுவாகத்தானே இருக்கும்? அதனால் கியூஎமு போன்ற எமுலேட்டர்கள் கட்டளைகளைக் கட்டுக் கட்டாக மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பைச் சேமித்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன.

டாஸ் நிரல்களுக்கு 2002 முதல் இருக்கும் டாஸ்பாக்ஸ் இந்த வகைதான். அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேகக் கட்டுப்பாடு. ஒரு மில்லி விநாடிக்கு எத்தனை கட்டளைகள் என்று நாமே சொல்லலாம். கன்ட்ரோல் விசையோடு எஃப்11 அழுத்தினால் கணினி மெதுவாகும், எஃப்12 அழுத்தினால் வேகமாகும். எரர் 200 காட்டிய நிரலை இதில் போட்டு, வேகத்தைக் குறைத்துத் தொடங்கினால் கணக்கு மீண்டும் 16 பிட்டுக்குள் அடங்கிவிடும். நிரல் ஓடும். வேகமான கணினியை வேண்டுமென்றே மெதுவாக்குவது ஒரு மருத்துவம் என்பதை இங்கேதான் கண்ணால் பார்க்கலாம்.

இன்னொன்று மெய்நிகர் கணினி. விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் எல்லாம் இதுதான். இது புராசசரை நடிப்பதில்லை. உண்மையான புராசசரிலேயே கட்டளைகளை ஓடவிட்டு, வன்தட்டு, திரை, நெட்வொர்க் அட்டை ஆகியவற்றை மட்டும் பொய்யாகக் காட்டுகிறது. அதனால் வேகம் அதிகம் குறைவதில்லை. 64 பிட் விண்டோஸ் ஓடும் அதே கணினியில், மெய்நிகர் கணினிக்குள் 16 பிட் டாஸ் ஓடுகிறது. இது எப்படி என்று நான் முதலில் குழம்பினேன். விடை இதுதான்: பழைய திறமை புராசசரை விட்டுப் போகவே இல்லை. மின்சாரம் வந்ததும் இன்றைய இன்டெல் வகைப் புராசசர்கூட 16 பிட் நிலையில்தான் கண் விழிக்கிறது. பிறகுதான் 64 பிட்டுக்கு ஏறுகிறது. ஏறியபின் தானாகப் பழைய 8086ஆக நடிக்க அதற்குத் தெரியாது. ஆனால் 2005இலிருந்து புராசசர்களில் சேர்க்கப்பட்ட மெய்நிகராக்க வசதி, உள்ளே இருக்கும் கணினிக்கு மட்டும் தனி நிலை ஒன்றைக் கொடுக்கிறது. உள்ளே 16 பிட், வெளியே 64 பிட்.

இதன் வேகமே சில நேரம் எதிரியாகும். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் ஒரு நெட்வொர்க் பகுதி, புராசசர் 2.1 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் தொடங்கும்போதே பிழை காட்டி நின்றுவிடும். எரர் 200இன் உடன்பிறப்பு என்று சொல்லலாம். இப்படிப்பட்டவற்றுக்கு 86பாக்ஸ் போன்ற எமுலேட்டர்தான் ஏற்றது. மெதுவாக ஓடும், ஆனால் அந்தக் காலத்துத் தாய்ப்பலகையும் அட்டைகளும் அப்படியே இருப்பதுபோல நடந்துகொள்ளும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது வன்பொருளோடு பின்னிக் கிடக்கும் மென்பொருள். ஒரு கருவியை இயங்குதளத்தோடு பேச வைக்கும் நிரல்தான் டிரைவர். பெரும்பாலும் அது இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவுக்குள் ஓடுவது. 64 பிட் கருவுக்குள் 32 பிட் டிரைவருக்கு இடமில்லை. பழைய ஸ்கேனருக்கான மென்பொருள் நன்றாகத் திறக்கும், ஸ்கேனரை மட்டும் காணோம் என்று சொல்லும். ஸ்கேனர் யுஎஸ்பியில் இணைவதாக இருந்தால் வழி உண்டு: மெய்நிகர் கணினிக்குள் 32 பிட் விண்டோஸை நிறுவி, அந்த யுஎஸ்பி இணைப்பை அப்படியே அதனிடம் ஒப்படைத்துவிடலாம். அச்சுப்பொறிக்கான பழைய பேரலல் போர்ட்டில் செருகிய உரிமச் சாவியைத் தேடும் நிரல்களும், தனக்கென ஓர் அட்டையை உள்ளே செருகச் சொல்லும் கருவிகளும் வேறு மாதிரி. அங்கே பழைய கணினியையே வைத்துக்கொள்வதுதான் உத்தமம். ஆனால் அதை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தை வெளியுலகத்தோடு இணைத்து வைப்பது கதவில்லாத வீட்டில் தூங்குவதற்குச் சமம்.

இவ்வளவும் செய்யுமுன் ஒன்றை யோசிக்கச் சொல்வேன். உங்களுக்கு வேண்டியது நிரலா, அதற்குள் இருக்கும் தகவலா? வேர்ட்பெர்ஃபெக்ட் என்ற பழைய எழுத்து நிரலின் கோப்புகளையும், டிபேஸ் என்ற பழைய தரவுத்தள நிரலின் டிபிஎஃப் கோப்புகளையும் இன்றைய இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபிஸே திறக்கும். என்னிடம் இருந்த ஒரு பழைய கணக்கு நிரலில் தகவலை வெளியே எடுக்க எந்த வசதியும் இல்லை. அச்சிட மட்டும் தெரியும். மெய்நிகர் கணினிக்குள் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க வடிவமைப்பு மொழியில் அச்சிடும் ஓர் அச்சுப்பொறி இருப்பதாகக் காட்டி, காகிதத்துக்குப் பதிலாகக் கோப்பில் அச்சிட வைத்தேன். அதைப் பிடிஎஃப் ஆக்கி, எழுத்துகளைப் பிரித்தெடுத்து, அட்டவணையில் ஏற்றினேன். ஒரு மாலை முழுக்க ஆனது. அதன் பிறகு அந்த நிரல் எனக்குத் தேவைப்படவே இல்லை.

பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால் அதன் வன்தட்டை வேறு கணினியில் இணைத்து, ஒவ்வொரு பிட்டும் உட்பட முழுப் பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாது. நிரலின் அமைப்புகள் விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) இருக்கும், உரிமத் தகவல் எங்கோ மறைவான இடத்தில் இருக்கும், நிறுவிய குறுந்தட்டு தொலைந்திருக்கும். முழுப் பிரதி இருந்தால் அதையே மெய்நிகர் கணினிக்கான வன்தட்டாக மாற்றி, கொஞ்சம் டிரைவர் சிக்கலைச் சமாளித்து, அந்தப் பழைய மேசைத்திரையை விட்ட இடத்திலேயே திறக்கலாம். முயற்சி செய்யும்போது எப்போதும் பிரதியின் பிரதியில் செய்யுங்கள். மூலப் பிரதியை எழுத முடியாதபடி பூட்டி, இரண்டு இடங்களில் வைத்துவிடுங்கள்.