குட்டுடைப்பு: ‘ஸ்பாய்லர்’ என்பதற்கு நம்மிடம் இருக்கும் சொல்

போன ஐப்பசியில் கோத்தகிரி முழுக்க விடாத மழை. எங்கள் தெருவுக்குக் கீழே இருக்கும் நூலகத்திலிருந்து ஒரு குற்ற நாவலை எடுத்துவந்து போர்வைக்குள் உட்கார்ந்தேன். கதாபாத்திரங்கள் அறிமுகமாகும் இடத்தில் ஒரு பெயருக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்திலேயே “இவன்தான்” என்று யாரோ எழுதியிருந்தார்கள். ரப்பர் எடுத்து அழித்தேன். எழுத்து போனது, அழுத்தி எழுதிய தடம் போகவில்லை. கடைசிப் பக்கம் வரை அந்த ஒருவனையே பார்த்துக்கொண்டு படித்து முடித்தேன்.

கதையின் முடிவை முன்பே சொல்லிவிடும் இந்தக் காரியத்துக்கு இன்று எல்லாரும் சொல்லும் பெயர் ஸ்பாய்லர். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, புதிதாக வரும் நாவல்களுக்கு மதிப்புரை எழுதி வருகிறேன். இலக்கிய நாவலும் உண்டு, குற்றக்கதையும் உண்டு. அதனால் இந்தச் சொல்லோடு எனக்குத் தினமும் பழக்கம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் ‘ஸ்போலியும்’. விலங்கின் உடம்பிலிருந்து உரித்த தோல் என்பது அதன் பழைய பொருள். போரில் விழுந்தவன் உடம்பிலிருந்து கழற்றிய கவசத்தையும் அப்படிச் சொன்னார்கள். பிறகு கொள்ளைப் பொருள் எல்லாவற்றுக்கும் அது பெயராயிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் கொள்ளையடித்தல்தான் முதல் பொருள், கெடுத்தல் பின்னால் வந்தது. காரின் பின்புறம் மாட்டும் பட்டைக்கும், விமான இறக்கையின் மேல் எழும்பும் தகட்டுக்கும் இதே பெயர்தான். காற்றோட்டத்தைக் கெடுப்பதால் அந்தப் பெயர். கதையின் முடிவைச் சொல்லிவிடுவது என்ற பொருள் மிகவும் புதிது. 1971-இல் ஓர் அமெரிக்க நகைச்சுவை இதழ், புகழ்பெற்ற படங்கள், நாவல்களின் முடிவுகளை வரிசையாகப் போட்டு, அதற்கு இந்தச் சொல்லைத் தலைப்பாக வைத்தது. அடுத்த பத்தாண்டில் கணினிவழிக் குழுக்களில் பேசியவர்கள் அதை எச்சரிக்கையாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கெடுப்பான்’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ‘ரசபங்கம்’ நல்ல சொல்தான், ஆனால் கச்சேரியில் சுருதி விலகினாலும் ரசபங்கம், பக்கத்து இருக்கைக்காரர் தும்மினாலும் ரசபங்கம். பொருள் மிகவும் அகலம். ‘பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது’ என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். அது ஆங்கிலப் பழமொழி தமிழ் எழுத்தில் நடமாடுவது.

நம் வீட்டுப் பேச்சிலேயே ஒன்று இருக்கிறது. “அவன் குட்டை உடைச்சுட்டேன்”, “குட்டு வெளிப்பட்டுப் போச்சு” என்கிறோம். இங்கே குட்டு என்றால் மறைத்துவைத்த செய்தி. தலையில் விழும் குட்டு வேறு. மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்கிறோமே, அந்தக் குட்டுக்கும் இதற்கும் உறவில்லை, எழுத்து மட்டும்தான் ஒன்று. ரகசியம் என்ற பொருளில் வரும் குட்டு தெலுங்கிலும் உண்டு, கன்னடத்திலும் உண்டு. கூடலூர் வழியாகப் பந்திப்பூர் காட்டைத் தாண்டிக் குண்டல்பேட்டையில் இறங்கி, குட்டு என்றால் என்ன என்று கேட்டால் ரகசியம் என்றுதான் சொல்வார்கள். முதல் எழுத்தை மட்டும் நம்மைவிடக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள்.

ஆகவே ஸ்பாய்லருக்கு என் சொல் ‘குட்டுடைப்பு’. எனக்கு இதில் மிகவும் பிடித்தது ‘உடைப்பு’ என்ற பாதிதான். குற்றக்கதையைப் பற்றிப் பேசும்போது மர்ம முடிச்சு என்கிறோம். முடிச்சு என்றால் அவிழ்க்க வேண்டும். ஒரு நுனியைப் பிடித்து, தளர்த்தி, இன்னொரு நுனியைத் தேடி, 200 பக்கம், 300 பக்கம் ஆசிரியர் அவிழ்க்கிறார். நாமும் கூடவே விரல் கொடுக்கிறோம். அவிழ்ப்பதற்கு நேரம் வேண்டும், உடைப்பதற்கு ஒரு நொடி போதும். “இவன்தான்” என்று எழுதிய அந்தப் பென்சில்காரருக்கு அந்த ஒரு நொடிதான் ஆகியிருக்கும்.

நானும் ஒருமுறை உடைத்திருக்கிறேன். மதிப்புரை எழுதத் தொடங்கிய புதிதில், ஒரு துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயம் எவ்வளவு நன்றாக அமைந்திருக்கிறது என்று காட்டும் ஆசையில், அதை அப்படியே விளக்கி எழுதிவிட்டேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இப்போது செவிலியர், பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது சொன்னாள்: “ஐயா, நீங்க எழுதினதப் படிச்சேன், ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா அப்புறம் அந்தப் புஸ்தகத்த வாங்கத் தோணல.” அவள் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஓர் எழுத்தாளரின் பல மாத உழைப்பை ஒரு வாசகரிடம் போய்ச் சேரவிடாமல் செய்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கண்டுகொண்டது, குட்டு முழுதாகத்தான் உடையும் என்றில்லை. “கடைசியில் யாரும் எதிர்பாராத திருப்பம்” என்று எழுதினாலே பாதி உடைந்துவிடுகிறது. வாசகர் வெளிப்படையாகத் தெரியும் ஆளையெல்லாம் உடனே கழித்துவிடுவார். புகழும்போதும் கவனம் வேண்டும். அண்மையில் வந்த ஒரு நாவல் குன்னூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் நடக்கிறது. கொழுந்து நிறுக்கும் காட்சி அவ்வளவு நன்றாக இருக்கிறது: தராசு, வரிசை, ஈரச் சாக்குக்கு எடையில் கழிப்பது, கணக்கு எழுதுபவரின் கை. அதைப் பாராட்டி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். துப்பு அந்தக் கணக்கு நோட்டில்தான் இருக்கிறது. தோட்டத்துப் பேச்சு சரியாக வந்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

லண்டனில் 1952 முதல் நடந்துவரும் அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்ட்ராப்’ நாடகத்தில், கொலையாளி யார் என்பதை வெளியே போய்ச் சொல்ல வேண்டாம் என்று பார்வையாளர்களிடம் மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

ஆனால் எல்லாக் கதைக்கும் குட்டு உண்டா? சிலப்பதிகாரத்தின் பதிகத்தைப் பாருங்கள். கோவலன் சிலம்பு விற்க மதுரைக்குப் போனது, பொற்கொல்லன் சூழ்ச்சி, கொலை, மதுரை எரிந்தது என எல்லாவற்றையும் சாத்தனார் வாயால் முதலிலேயே சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் 30 காதைகள். முடிவு தெரிந்தும் கண்ணகி அரண்மனை வாயிலில் வந்து நிற்கும்போது நெஞ்சு அடைக்கிறது. 34 வருஷம் அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன், ஒரு வருஷமும் அந்த இடம் லேசாகக் கடந்து போனதில்லை. இலக்கிய நாவலும் இந்த வகை. யார் செத்தார் என்று சொல்லிவிட்டாலும் அங்கே ஒன்றும் குறையாது. ஆகவே அங்கே குட்டுடைப்பு என்ற சொல் பொருந்தாது. இன்னொன்று, குட்டு என்றாலே ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்ற வாடை உண்டு. குற்றக்கதைக்கு அது கச்சிதம். இலக்கிய நாவலுக்குக் ‘கதையை முன்கூட்டிச் சொல்லுதல்’ என்று நீட்டி எழுதினாலே போதும்.

சில நேரம் முடிவைப் பேசாமல் மதிப்புரை எழுதவே முடியாது. கொலைக்கான காரணம் கதையோடு ஒட்டவில்லை என்றால் அதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? அப்போது ‘ஸ்பாய்லர் அலர்ட்’ என்பதற்கு நான் எழுதுவது: ‘இனிக் குட்டு உடையும்’. மூன்றே சொல். அதைப் பத்திக்குள் வைக்காமல் தனி வரியில் வைத்து, கீழே ஒரு வரி இடமும் விடுகிறேன். கண் எப்போதும் வாசிப்புக்கு முன்னால் ஓடுகிறது. பத்திக்குள் வைத்தால் எச்சரிக்கையைப் படிப்பதற்குள் பெயரைப் பார்த்துவிடுவார்கள்.