மே மாத ஊட்டியில் வஞ்சிரம் எங்கிருந்து வருகிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாட்கள், தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தத் தடை. ஊட்டியில் சீசன் களைகட்டுவதும் ஏறக்குறைய இதே நாட்களில்தான். தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, ரிசார்ட்டுகளில் அறை கிடைக்காது. பிள்ளைகளை விளையாட்டு அறையில் விட்டுவிட்டு, பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய உணவகத்தில் கணவனும் மனைவியும் போய் உட்கார்ந்தால், மெனு அட்டையின் முதல் வரியிலேயே 'இன்று பிடித்த வஞ்சிரம்' இருக்கும்.

யார் பிடித்தது?

பொய் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. கேரளத்தில் விசைப்படகுத் தடை ஜூன் இரண்டாம் வாரம்தான் தொடங்கும், அதுவரை அங்கிருந்து கூடலூர் வழியாகவும் கோவை உக்கடம் மார்க்கெட் வழியாகவும் சரக்கு ஏறும். ஆனால் நாட்டுப்படகில் வரும் மீன் கொஞ்சம்தான். அதில் நல்லது கடற்கரை ஊர்களிலேயே விற்றுத் தீர்ந்துவிடும். சீசன் நேரத்தில் மலையில் உள்ள அத்தனை ரிசார்ட் மேஜைக்கும் அது எப்படிப் போதும்?

பல வருடம் ஹோட்டல் சமையலறையில் நின்ற பிறகு, இப்போது நீலகிரி ரிசார்ட்டுகளில் சமையல்காரர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதும் அவர்களுடைய குளிர் அறைகளைத் தணிக்கை செய்வதும்தான் என் வேலை. நல்ல கடல் உணவை மலையில் சாப்பிடவே முடியாது என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. முடியும், நானும் ஆசையாகச் சாப்பிடுகிறவன்தான். ஆனால் தட்டுக்கு எத்தனை ஆயிரம் கொடுத்தாலும், அந்த மீன் எத்தனை மணி நேரம் சூட்டில் கிடந்தது என்பதைப் பணத்தால் மாற்ற முடியாது.

மலையில் எல்லோரிடமும் ஒரு நம்பிக்கை உண்டு: "இந்தக் குளிருக்கு மீன் எங்க சார் கெடப்போகுது?" ஸ்டோர் கீப்பர் முதல் முதலாளி வரை இதையே சொல்வார்கள். மீன் ஐந்து டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். மே மாதப் பகலில் ஊட்டியே இருபது டிகிரியைத் தாண்டும், அடுப்பெரியும் சமையலறை அதற்கும் மேல். அதற்கு முன்னால் அந்தப் பெட்டி மேட்டுப்பாளையத்து வெயிலைத் தாண்டி வந்திருக்கிறது. சீசன் சனிக்கிழமையில் பர்லியாருக்கும் குன்னூருக்கும் நடுவே வண்டிகள் நிற்கும் நிலைமை தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. மீனுக்குச் சம எடை ஐஸ் போட வேண்டும் என்பது கணக்கு. பாதி ஐஸ் போட்டு அனுப்பிய பெட்டி மேலே வந்து சேரும்போது அடியில் சிவந்த தண்ணீர்தான் இருக்கும்.

சரி, நன்றாக வறுத்துவிட்டால் எல்லாம் செத்துவிடாதா? கிருமி சாகும், ஆனால் அது ஏற்கெனவே உண்டாக்கிவிட்ட ஹிஸ்டமின் போகாது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம் போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். வறுத்தாலும் வேகவைத்தாலும், பிறகு உறைய வைத்தாலும் அது அப்படியே நிற்கும். பல நேரம் வாசனையிலும் தெரியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவந்து எரியும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், தோல் அரிக்கும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் வரும். வாயில் மிளகு கடித்த மாதிரி ஒரு காரம் முதலிலேயே தெரிந்தால், அந்தத் துண்டை அங்கேயே வைத்துவிடுங்கள்.

இதோடு ஒரு கிளாஸ் ஒயினும் இருந்தால் குழப்பம் இரட்டிப்பு. மதுவினாலும் முகம் சிவக்கும், ஹிஸ்டமினின் வேலையையும் அது கூட்டிவிடும். 'ஒயின் ஒத்துக்கலை' என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். இல்லையென்றால், மீன் அலர்ஜி என்று முடிவுகட்டி வாழ்நாள் முழுக்க மீனைத் தொடமாட்டார்கள். ஒரே மேஜையில் ஒரே மீனைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வந்தால் அலர்ஜியைவிட இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காசநோய்க்கு ஐசோநியாசிட் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடம்பில் ஹிஸ்டமின் உடைவது குறைவதால், இது இன்னும் கடுமையாகத் தாக்கும்.

குளிர் அறைக் கதவில் வெப்பநிலைப் பதிவேடு ஒன்று தொங்கும். ஒரு ரிசார்ட்டில் அதை வாங்கிப் பார்த்தேன். மைனஸ் 18, மைனஸ் 18, மைனஸ் 18 என்று ஒரே பேனாவில் ஒரே சாய்வில் எழுதியிருந்தது. மறுநாள் காலைக்கும் எழுதி முடித்திருந்தார்கள். அந்தத் தம்பியைத் திட்டிப் பயனில்லை, அவருக்கு யாரும் தெர்மாமீட்டரே வாங்கித் தரவில்லை. அதனால் பதிவேட்டோடு நான் நிறுத்துவதில்லை. ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்து ஃப்ரீசருக்குள் விட்டுவிடச் சொல்வேன். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய், ஜெனரேட்டரையும் சிக்கனமாக ஓட்டியிருந்தால், காசு டம்ளரின் அடிக்குப் போயிருக்கும். உள்ளே இருப்பதெல்லாம் ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது என்று அர்த்தம். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் வீட்டு ஃப்ரீசருக்கும் இதைச் செய்து பாருங்கள்.

விருந்தினராகப் போகும் நீங்கள் குளிர் அறைக்குள் நுழைய முடியாது. ஆனால் கேட்கலாம். "இந்த மீன் ஃப்ரோசனா, ஐஸில் வந்ததா? எந்த நாள் வந்தது?" கூச்சப்படாமல் கேளுங்கள். "ஃப்ரோசன்தான் சார், இந்த மாசம் அதுதான் நல்லா இருக்கும்" என்று பதில் சொல்லும் உணவகத்தை நான் நம்புவேன். பிடித்தவுடன் முறையாக உறைய வைத்து, அந்தக் குளிர் குறையாமல் மேலே வந்த மீன், மூன்று நாள் ஐஸில் உருண்டு வந்த மீனைவிட எல்லா வகையிலும் மேல். "எல்லாமே ஃப்ரெஷ் சார்" என்று யோசிக்காமல் சொன்னால், நான் கோழிக்கு மாறிவிடுவேன்.

தடைக்காலத்தில் என் தேர்வு கொடுவா. மெனுவில் ஏஷியன் சீ பாஸ் என்று இருப்பது அதுதான். பண்ணையில் வளர்வதால் படகுத் தடை அதைத் தொடாது. ஆர்டருக்கு ஏற்பப் பிடித்து உடனே ஐஸில் போடலாம். இறாலில் வனாமி, அதுவும் பண்ணைதான். 2009-ல் இந்தியாவில் அனுமதித்ததிலிருந்து நம் மேஜைக்கு வருவதில் பெரும்பங்கு அதுவே. களி நண்டு உயிரோடு, கால் கட்டப்பட்டு, ஈரச் சாக்கில் மலையேறும். தண்ணீருக்கு வெளியே சில நாட்கள் தாங்கும் என்பதால் மலைப் பயணத்துக்குத் தோதானது. ஒரே நிபந்தனை: சட்டிக்குப் போகும்வரை அது அசைய வேண்டும். சிங்கி இறாலும் அப்படித்தான், உயிரோடு வர வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து வர வேண்டும்.

இறாலின் தலையில் கறுப்பு விழுந்திருந்தால் பலர் கெட்டுவிட்டது என்று ஒதுக்குவார்கள். அது பெரும்பாலும் நொதியின் வேலை, வெட்டிய ஆப்பிள் கறுப்பது போல. அந்தக் கறுப்பு விழாமல் இருக்கச் சல்ஃபைட் கரைசலில் முக்குவார்கள். ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்ஃபைட் இழுப்பைத் தூண்டும். உங்களுக்கு இழுப்பு உண்டென்றால், பளபளவென்று இருக்கும் இறாலைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

ஊட்டியின் உயரம் சுமார் 2240 மீட்டர். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் நண்டுக்கு வைத்த நிமிடக் கணக்கு இங்கே போதாது. கீழேயிருந்து சீசனுக்கு மட்டும் வரும் செஃப்களுக்கு இதை முதல் நாளே சொல்வேன். எண்ணெயிலும் சிக்கல் உண்டு: வெளியே சிவந்துவிடும், உள்ளே வெந்திருக்காது. மீனின் நடுச்சதை 63 டிகிரியைத் தொட வேண்டும். உங்கள் தட்டில் முள்ளை ஒட்டிய சதை கண்ணாடி மாதிரி இருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இனி, குடும்ப ரிசார்ட்டுக்கே உரிய சங்கதி. பெரியவர்களின் உணவகம் தனி, பிள்ளைகளின் பஃபே தனி, ஆனால் இரண்டுக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரே சமையலறை, ஒரே எண்ணெய்ச் சட்டி. அம்மா அப்பாவுக்கு இறால் டெம்புரா பொரித்த எண்ணெயில்தான் பிள்ளைக்கு ஃபிரெஞ்சு ஃபிரைஸ் விழும். அப்புறம் கூட வந்திருக்கும் சைவப் பாட்டிக்கு காலிஃபிளவர் பக்கோடாவும் அதிலேயே. பாட்டிக்கு அது மனக்கஷ்டம். இறால் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு உயிர் ஆபத்து. இறால், நண்டு, சிங்கி இறாலில் அலர்ஜியைக் கிளப்பும் டிரோபோமயோசின் என்ற புரதம் சூட்டுக்கு மசியாது, எண்ணெயில் பொரித்தாலும் அலர்ஜியைக் கிளப்பும்.

இந்த விவரம் யாரிடம் இருக்கிறது? பெற்றோரிடம். அந்த நேரத்தில் பெற்றோர் எங்கே? போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு வேறு கட்டடத்தில். பிள்ளைக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்பதை செக்-இன் செய்யும்போது வாயால் சொன்னது பஃபே பரிமாறுகிறவருக்குப் போய்ச் சேருவதில்லை, நான் பார்த்தவரை. எழுதிக் கொடுங்கள், விளையாட்டு அறைப் பொறுப்பாளரிடம் ஒன்று, சமையலறையில் ஒன்று. தனிச் சட்டி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் பிள்ளைக்குப் பொரித்தது எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெனுவில் ஒவ்வாமை விவரம் போட வேண்டும் என்ற எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி, மத்திய உரிமம் உள்ள அல்லது பத்தோ அதற்கு மேலோ கிளைகள் கொண்ட உணவகங்களைத்தான் கட்டாயப்படுத்துகிறது. மலையில் தனியாக நிற்கும் ரிசார்ட் பெரும்பாலும் அதில் வராது, ஆகவே அட்டையில் ஒன்றும் போடவில்லை என்றால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம், குரல் மாற்றம், தலைசுற்றல் எது வந்தாலும் அலர்ஜி மாத்திரை போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது. அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே 108, உடனே மருத்துவமனை. ஊட்டிக்குள் தங்கியிருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில். மசினகுடிப் பக்கம் தங்கியிருந்தால் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை இரவில் ஏற வேண்டும். அதனால் அலர்ஜி உள்ளவர்கள் அறை பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியது, ராத்திரியில் டாக்டர் வருவாரா, வண்டி நிற்குமா என்பது.

வேகவைக்காத சிப்பியைப் பற்றி ஒரே வார்த்தை: மலையில் வேண்டாம். எலுமிச்சையும் மிளகாய்ச் சாறும் பக்கத்தில் இருக்கும் மதுவும் விப்ரியோ கிருமியைக் கொல்லாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அது உயிரையே எடுக்கலாம். சூஷி ஆசை இருந்தால், ஒட்டுண்ணிக்காக அந்த மீனை மைனஸ் 20-ல் ஏழு நாள் வைத்தார்களா என்று கேளுங்கள். மைனஸ் 18-ல் ஓடும் சாதாரண ஃப்ரீசர் அதற்குப் போதாது.

சிங்கி இறாலைப் பாலாடையும் வெண்ணெயும் சேர்த்துச் சமைக்கிறார்களே, மீனும் பாலும் சேர்ந்தால் வெண்புள்ளி வராதா என்று கேட்பவர்கள் இன்னமும் உண்டு. வராது. அதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை.

மிச்சமானதைப் பொட்டலம் கட்டி அறைக்கு எடுத்துப்போகும் பழக்கம்தான் எனக்கு அதைவிடக் கவலை. அறையிலிருக்கும் மினிபார் பாட்டிலைக் குளுமையாக வைக்கத்தான், மீனைக் காப்பாற்றும் அளவுக்குப் பல மினிபார் குளிராது. மேஜைக்கு வந்து இரண்டு மணி நேரம் தாண்டிய மீனைக் காலையில் பிள்ளைக்கு ஊட்டாதீர்கள்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐஸ் மேல் அடுக்கிவைத்து நீங்களே மீனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடங்களில் விலை நூறு கிராமுக்கு இருக்கும். எடை சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா, நீங்கள் கைகாட்டிய அதே மீனைத்தான் சமைக்கப் போகிறார்களா என்று கேட்டு, எடையைத் தராசில் காட்டச் சொல்லி, ஆர்டர் சீட்டில் எழுத வையுங்கள். பில் வந்த பிறகு இதைப் பேசினால் எடுபடாது.