இணை ஆசிரியர் வலைப்படம்: கோட்டைப் பார்த்து உறவை முடிவு செய்யாதீர்கள்

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் ஆய்வுக் கட்டுரைகளின் கணக்கைப் பார்ப்பது என் வேலை. யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள் என்று தரவுத்தளத்திலிருந்து எடுத்து வலைப்படமாக வரைந்து கொடுப்பேன். ஆளுக்கு ஒரு புள்ளி, சேர்ந்து எழுதிய இருவருக்கு நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பதவி உயர்வு வரைக்கும் பேசுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. அந்தக் கோட்டை எவ்வளவு நம்பலாம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ரஷ்ய சமூகவியலாளர்களின் தரவு.

முதலில் பெயர். ரஷ்யத் தரவில் குடும்பப் பெயரோடு இரண்டு முதலெழுத்து வரும், ஒன்று சொந்தப் பெயருக்கு, இன்னொன்று தந்தை பெயருக்கு. 1960களில் லெனின்கிராத் (இன்றைய பீட்டர்ஸ்பர்க்) இளம் தொழிலாளர்கள் தங்கள் வேலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஸ்த்ரவமீஸ்லவ் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து ஆராய்ந்த சமூகவியலாளர் விளாதிமிர் யாதொவின் குடும்பப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒய்-ஏ, ஐ-ஏ, ஜே-ஏ என்று மூன்று விதமாகத் தொடங்கலாம். மென்பொருளுக்கு அது மூன்று ஆள். அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கும் இதே தொல்லை உண்டு. ஒரு தரவுத்தளம் அப்பா பெயரையே நம் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும், இன்னொன்று எடுத்துக்கொள்ளாது. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய பெண்களின் நிலை இன்னும் மோசம், பாதி உழைப்பு வேறு யாரோ ஒருவர் கணக்கில் கிடக்கும்.

அடுத்தது எண்ணும் முறை. இரண்டு பேர் எழுதிய கட்டுரை ஒரு கோடு தரும். பத்துப் பேர் எழுதியது 45 கோடு தரும்! தனியாக உட்கார்ந்து எழுதுகிறவருக்கு ஒன்றுமே இல்லை. சமூகவியலில் தனியாக எழுதும் வழக்கம் இன்னும் வலுவாக இருக்கிறது, அதனால் நல்ல கோட்பாட்டாளர் ஒருவர் படத்தின் ஓரத்தில் ஒற்றைப் புள்ளியாக நிற்பார். அவரை யாரோடும் ஒட்டாதவர் என்று படித்துவிடுவது பெரிய அநியாயம்.

இனி, என்னை உண்மையிலேயே பயமுறுத்திய விஷயம். 2012 மே மாதம் புதின் போட்ட ஆணை ஒன்று, வெப் ஆஃப் சயின்ஸ் என்ற உலகக் கட்டுரைத் தரவுத்தளத்தில் உள்ள இதழ்களில் ரஷ்யாவின் பங்கு 2015க்குள் 2.44 சதவீதம் ஆக வேண்டும் என்றது. கூடவே ஐந்து பல்கலைக்கழகங்களையாவது உலகின் முதல் நூறுக்குள் கொண்டுவரும் 5-100 திட்டமும் வந்தது. பேராசிரியர்கள் மேல் கட்டுரை எண்ணிக்கையின் சுமை ஏறியது. அப்புறம் சந்தை வராமல் இருக்குமா? ஆன்னா அபால்கினா என்ற ஆய்வாளர் ரஷ்யாவிலிருந்து இயங்கிய ஒரு கட்டுரை ஆலையின் (காசுக்குக் கட்டுரையில் பெயர் போட்டுத் தரும் நிறுவனத்தின்) தளத்தில் 2019 முதல் 2021 வரை வந்த 1,009 விற்பனை அறிவிப்புகளை எடுத்துப் பார்த்தார். விற்றது ஆசிரியர் இடம்: முதல் இடம் ஒரு விலை, மூன்றாம் இடம் வேறு விலை. அந்த ஆலையோடு தொடர்பிருக்கக் கூடியவை என்று குறைந்தது 434 கட்டுரைகளை அடையாளம் கண்டார். அவற்றில் பெயர் இருந்தவர்கள் குறைந்தது 39 நாடுகளைச் சேர்ந்தவர்கள். இது சமூகவியலுக்கு மட்டுமான கணக்கு இல்லை, பல துறைகளும் இதில் அடக்கம். 2020 தொடக்கத்தில் ரஷ்ய அறிவியல் கழகத்தின் ஆணையம் ஒன்று விசாரித்த பிறகு ரஷ்ய இதழ்கள் 800க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. ஒரே கட்டுரை வேறு வேறு ஆசிரியர் பட்டியலோடு வெவ்வேறு இதழ்களில் வந்திருந்த சம்பவங்களும் அதில் உண்டு.

இப்படி வாங்கிய இடமும் என் படத்தில் நல்ல கோடாகத்தான் விழும். நான்கு ஊர், நான்கு துறை, இதற்கு முன் ஒரு வரிகூடச் சேர்ந்து எழுதாத நான்கு பேர் திடீரென்று ஒரே கட்டுரையில் இருந்தால் இப்போது நிறுத்திப் படிக்கிறேன். உங்களுக்கும் "ஏற்கப்பட்ட கட்டுரை, ஓர் இடம் காலி" என்று செய்தி வந்தால் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். நாளைக்குத் திரும்பப் பெற்றால் அந்த அறிவிப்பில் உங்கள் பெயர் இருக்கும், விற்றவர் பெயர் இருக்காது.

கோடு இல்லாத இடத்தையும் படிக்க வேண்டும். சமூகவியலாளர் மிகாயில் சொக்கொலொவும் சகாக்களும் பீட்டர்ஸ்பர்க் சமூகவியலாளர்களை ஆராய்ந்து, ஒரே ஊருக்குள் 'மேற்குப் பக்கம்', 'கிழக்குப் பக்கம்' என்று இரண்டு உலகங்கள் இருப்பதைக் காட்டினார்கள். மேற்கத்திய ஆய்வுலகத்தைப் பார்த்து நிற்பவர்கள் ஒரு பக்கம், உள்நாட்டு மரபைப் பிடித்து நிற்பவர்கள் மறுபக்கம். ஒருவர் எழுத்தை மற்றவர் மேற்கோள் காட்டுவதே அரிது. சும்மா படத்தைப் பார்த்தால் இந்த இடைவெளியை 'ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

உக்ரைன் மீது ரஷ்யா முழுப் போர் தொடுத்த 2022க்குப் பிறகு வரும் இடைவெளி வேறு வகை, பயத்தால் வருவது. அதன் வேர் அதற்கு முன்பே உண்டு. பீட்டர்ஸ்பர்க்கின் சுதந்திர சமூக ஆய்வு மையம் 2015இலும், கருத்துக்கணிப்பு நடத்தும் லெவாதா மையம் 2016இலும், வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவர்கள் என்று அரசு முத்திரை குத்தும் 'வெளிநாட்டு முகவர்' பட்டியலில் சேர்க்கப்பட்டன. வியன்னாவில் இயங்கும் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தை 2023இல் 'விரும்பத்தகாத அமைப்பு' என்று அறிவித்தார்கள். அப்படிப்பட்ட அமைப்பின் செயல்பாடுகளில் பங்கெடுத்தால் ரஷ்யச் சட்டப்படி தண்டனை உண்டு. அங்கே வேலை செய்யும் பழைய நண்பரோடு பெயர் சேர்த்துப் போட மாஸ்கோவில் இருப்பவர் எப்படித் துணிவார்? இருவரும் தரவைச் சேர்ந்தே அலசியிருக்கலாம், இரவெல்லாம் போனில் பேசியிருக்கலாம். என் படத்தில் அவர்கள் தனித்தனிப் புள்ளி. அதனால் ரஷ்யத் தரவு கையில் வந்தால், 2022க்குப் பிந்தைய ஆண்டுகளைத் தனியாகப் பிரித்து, விட்டுப்போன கோடுகளைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதி வைத்துத்தான் கொடுக்கிறேன்.