டேபுக்கு கேம் கன்ட்ரோலர் வாங்கும் முன்

வேலூர் சத்துவாச்சாரியில் மொபைல், டேப் சர்வீஸ் பார்க்கிறேன். "அண்ணா, பீஸே கம்ப்ளெயின்ட், கனெக்டட்னு காட்டுது, ஆனா கேம்ல ஒரு பட்டனும் வேலை செய்யல" என்று வயர்லெஸ் கன்ட்ரோலரை நீட்டும் பையன்கள் நிறைய. பெரும்பாலும் கன்ட்ரோலரில் ஒரு குறையும் இருக்காது. டேப் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது, கேம்தான் ஏற்கவில்லை. பட்டனை அழுத்தினால் ஆண்ட்ராய்டு அதை கேமிடம் சொல்லும், காதில் வாங்கிக்கொள்ளும்படி கேமை எழுதியிருந்தால்தான் உள்ளே ஆள் நகரும். கால் ஆஃப் டியூட்டி மொபைல் 2019-லேயே இதற்கு வழி செய்துவிட்டது, மைன்கிராஃப்டிலும் ஓடும். பிஜிஎம்ஐ-யில், அதாவது பப்ஜியின் இந்தியப் பதிப்பில் ஓடாது.

வம்பு இங்கேதான் ஆரம்பம். யூடியூபில் எவனோ சொன்னான் என்று கீ மேப்பர் ஆப் ஒன்றை ஏற்றுவார்கள், அது பட்டன் அழுத்தத்தைத் திரையில் விரல் வைத்ததுபோல மாற்றிக் காட்டும். கேம் கம்பெனி கண்டுபிடித்தால் கேம் கணக்கே (ஐடி) போகும், போகட்டும். ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஏதோ லிங்கில் இறக்கிய ஏபிகே (ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல்) 'அக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்கிறதே, அதுதான் எனக்குக் கவலை. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் வருவதை அந்த ஆப் படிக்கலாம், நமக்குப் பதிலாகத் தானே தொடலாம், அதே டேபில் அப்பாவின் வங்கி ஆப்பும் ஓடிபி வரும் சிம்மும் இருக்கும். "கேமுக்குத்தானே சார் ஓகே கொடுத்தான்" என்கிறார்கள் பெற்றோர். கேட்பது கேமா, யாரென்றே தெரியாத ஆளா?

சரி, கேம் ஒத்துக்கொண்டால் கன்ட்ரோலர் நல்ல பொருள்தான். விரல் திரையை மறைக்காது, கார் ரேஸில் கட்டைவிரலால் ஸ்டிக்கைக் கொஞ்சமாகத் தள்ளினால் கொஞ்சமாகவே திரும்பும், டேபைக் கண் மட்டத்துக்கு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டால் கழுத்தும் பிழைக்கும். இரண்டு பக்கமும் இழுத்து டேபைக் கவ்வும் வகை எனக்குப் பிடிக்காது. 10 அங்குல டேபே அரைக் கிலோவுக்குப் பக்கம், அதைத் தூக்கிப் பிடித்து ஒரு மணி நேரம் ஆடினால் மணிக்கட்டு என்ன ஆகும்?

லேக் ஆகிறது, அதாவது பட்டனை அழுத்திச் சற்று நேரம் கழித்தே கேமில் நடக்கிறது என்றால் முதலில் வைஃபையைப் பாருங்கள். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், காட்பாடி ஹாஸ்டல் மாதிரி இடத்தில் அத்தனை பேர் வைஃபையும் அதே அலைவரிசையில் நெரியும். டேபின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ப்ளூடூத் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வயர் ஹெட்செட் மாட்டினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது.

செகண்ட் ஹேண்டில் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் வாங்குபவர்கள் நடு லோகோ பட்டனைச் சுற்றிப் பாருங்கள். அந்த இடம் தனிப் பிளாஸ்டிக் துண்டாக இருந்தால் அது பழைய மாடல், ப்ளூடூத்தே கிடையாது. அப்புறம் ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுக்கும் டிரிஃப்ட். உள்ளே கார்பன் தடம் உரசித் தேய்வதால் வருவது, சுத்தம் செய்து கொடுத்தாலும் பெரும்பாலும் திரும்ப வரும். காந்தத்தில் வேலை செய்யும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் அந்த உரசல் இல்லை, விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

நம்ம ஊர் வெயில் தெரியுமே. அக்னி நட்சத்திரத்தில் வண்டி டிக்கியில் போட்டுவைத்த கன்ட்ரோலரின் லித்தியம் பேட்டரி ஊதி, மேல் மூடியே பிளந்து வருகிறது. அப்படி ஆனதைச் சார்ஜில் போடாதீர்கள், ஊசியால் குத்தவும் வேண்டாம், அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள்.